மனநலப் பணியாளர்களுக்குக் குடி, போதை பற்றிய பயிற்சி: முதன்முறை நடத்துபவர்களுக்கு

மனநலப் பிரிவுக்கு வருகிறவரிடம் மது வாடை அடித்தால், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. போதை மீட்பு மையத்துக்குப் போனாலோ, "இவருக்குக் காதில் குரல் கேட்குதாம், மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறார்கள். இப்படி அலைக்கழிக்கப்பட்டவர் பிறகு எங்கேயும் வருவதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே சொல்கிறது. ஆகவே இருவகைப் பாதிப்பும் உள்ளவரை ஏற்பது நம் வேலைதான். செவிலியர், ஆலோசகர், சமூகப் பணியாளர் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டு அரைநாளில் இதைத் தொடங்கலாம்.

படி 1: மனதில் இருப்பதை வெளியே எடுங்கள்

பெயர் எழுதாத சீட்டில், குடிப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். "திமிர்", "குடும்பத்தைக் கெடுத்தவன்" என்றெல்லாம் வரும். வாதாட வேண்டாம். குரல் கேட்பதால் தூங்கமுடியாமல் குடிப்பவரையும், குடியால் மனச்சோர்வுக்குள் போனவரையும் பற்றிப் பேசுங்கள். எது முதலில் வந்தது என்று அன்றைக்கே சொல்லிவிட முடியாது. குடியை விட்டுச் சில வாரம் கவனித்தால்தான் தெளியும். தற்கொலை எண்ணம் இருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

படி 2: அளவு கேட்கப் பழக்குங்கள்

"குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை. அதில் "ஒரே தடவையில் 6 அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை?" என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். நம் ஊரில் யாரும் 'அளவு' கணக்கில் குடிப்பதில்லை. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால், ஏறத்தாழ 30 மில்லி பிராந்தி. அப்படியானால் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றிலேயே 6 அளவு இருக்கிறது, அதில் பாதியான கட்டிங்கில் 3. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் சுமார் 4. பயிற்சியில் காலி பாட்டில்களை மேசையில் வைத்து எல்லோரையும் கணக்குப் போட வையுங்கள். அப்புறம் பீடி, ஹான்ஸ், கஞ்சா, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

படி 3: திடீரென்று நிறுத்துவதன் ஆபத்து

பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னைக்கே விட்டுடுங்க" என்று சொல்லவே கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நேரம், இடம் குழம்பி, இல்லாத பூச்சிகள் தெரியலாம். மனநல வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் ஒருவர் இப்படி ஆனால், மனநோய்தான் முற்றிவிட்டது என்று தவறாக நினைப்பார்கள். இது உயிர்போகும் அவசரநிலை; மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். இவர்களுக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் (வைட்டமின் பி1) கொடுக்கப்பட்டதா என்று கேட்கும் பழக்கம் செவிலியருக்கு வரவேண்டும்.

படி 4: பேசிப் பார்க்க வையுங்கள்

அறிவுரை சொல்லாமல், கேட்டுப் பேசி அவரையே மாற விரும்ப வைப்பதுதான் உளவியலாளர்கள் மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணல். இந்த முறையை ஸ்லைடு போட்டு விளக்கினால் ஒட்டாது. இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும்.

"குடிச்சாத்தான் தூக்கம் வருது மேடம்."
"தூக்கம் வராததுதான் உங்களுக்குப் பெரிய கஷ்டமா இருக்கு. குடிச்ச மறுநாள் மனசு எப்படி இருக்குண்ணே?"

அறிவுரை சொல்ல வாய் துறுதுறுக்கும் இடத்தில் நிறுத்தி, அந்த வாக்கியத்தை மாற்றிச் சொல்ல வையுங்கள்.

படி 5: மாத்திரையும் வீட்டாரும்

"குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக்கூடாது" என்று தாங்களாகவே முடிவுசெய்து மனநோய் மருந்தை விடுகிறவர்கள் நிறைய. மருத்துவரிடம் கேட்டு, அவரவருக்கான பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் பீடியை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க வீட்டார் குடிநிறுத்தப் பொடி கேட்பார்கள். அவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் டைசல்பிராம் என்ற குடிநிறுத்த மருந்து உடம்புக்குள் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனநோய் அறிகுறிகளும் கூடலாம். இதை அம்மாவிடம், மனைவியிடம் கோபப்படாமல் விளக்கும் காட்சியையும் நடித்துப் பார்க்க வையுங்கள்.

படி 6: தொடர்ச்சி

மாதம் ஒருமுறை இரண்டு நோயாளிகளைப் பற்றிக் கூடிப் பேசுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்களைச் சுவரில் ஒட்டுங்கள். மறுபடி குடித்துவிட்டு வருகிறவரிடம் முதல் கேள்வியாக "கடைசியா எப்போ குடிச்சீங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கட்டும். வராதவரை அந்த வாரமே போனில் கூப்பிடுவது யார் பொறுப்பு என்பதையும் பயிற்சி முடியும் முன் பெயர் எழுதி முடிவுசெய்யுங்கள்.