அமெரிக்கக் கல்லூரியிலிருந்து விளையாட்டு அழைப்பு வந்தால்: பாலக்காட்டு எல்லைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று நீளும் பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர்களில், தமிழ்வழியில் படித்துக்கொண்டே உபஜில்லா போட்டியில் தொடங்கி மாநிலப் போட்டி வரை செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீளம் தாண்டுதலில் காமன்வெல்த் வெள்ளி வென்ற முரளி ஸ்ரீசங்கரும், 1500 மீட்டரில் ஆசியப் பட்டம் வென்ற பி.யு. சித்ராவும் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், இங்கே ஓட்டத்தையும் தாண்டுதலையும் யாரும் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் படித்து, 2018இலும் 2022இலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டத்தை வென்ற பிறகு, அந்த வழியைப் பற்றி நம் பெற்றோர்களும் விசாரிக்கத் தொடங்கினார்கள். இப்போது அதோடு இன்னொரு செய்தியும் சேர்ந்து வருகிறது: அமெரிக்காவில் கல்லூரி வீரர்களுக்கே கோடிக்கணக்கில் பணம் கொடுக்கிறார்கள் என்பது. செய்தி உண்மைதான், ஆனால் அந்தப் பணம் நம் பிள்ளைக்கு வருமா என்பது வேறு கேள்வி. அழைப்புக் கடிதம் கையில் வந்தால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது

கல்லூரி வீரர் அமெச்சூர் வீரராகவே இருக்க வேண்டும், படிப்புச் செலவுக்கு மேல் எதுவும் பெறக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. நெடுங்காலம் காத்துவந்த விதி. தொலைக்காட்சி ஒப்பந்தங்களால் கல்லூரிகளும் பயிற்சியாளர்களும் பெரும்பணம் ஈட்டும்போது ஆடுகிறவருக்கு மட்டும் பங்கில்லை என்பது நியாயமில்லை என்று வீரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதன் விளைவாக, படிப்போடு தொடர்புடைய ஊக்கத்தொகையாக ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கல்லூரிகள் தர வழி பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர் தன் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பொருள் ஈட்டலாம் என்றும் விதி மாறியது. இதையே என்.ஐ.எல். என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் 2025 ஜூன் 6 அன்று வந்தது. கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரில் நடந்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, முன்னாள் வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் தரப்பட வேண்டும். அத்துடன், சமரசத்தில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 ஆண்டில் தன் வருவாயிலிருந்து 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம்.

நம் பெற்றோர் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பல பெரிய பல்கலைக்கழகங்கள் இந்தத் தொகையில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை அமெரிக்கக் கால்பந்துக்கும், 15 விழுக்காட்டை ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 விழுக்காட்டைப் பெண்கள் கூடைப்பந்துக்கும் ஒதுக்குகின்றன. தடகளம், கைப்பந்து, டென்னிஸ், நீச்சல் என்று மீதமுள்ள எல்லா விளையாட்டுகளும் எஞ்சிய 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். ஆகவே உங்கள் மகள் ஈட்டி எறிகிறவளாகவோ உங்கள் மகன் 800 மீட்டர் ஓடுகிறவனாகவோ இருந்தால், வருவாய்ப் பங்கு என்ற வரியைக் குடும்பக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே தொடங்குங்கள்.

இடம் கூடியதா, குறைந்ததா

தடகளப் பிள்ளையின் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் மாற்றம் வேறொன்று. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது, முதல் பிரிவே உயர்ந்தது. முன்பு முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று ஆண்கள் தடகளத்துக்கு 12.6 முழு உதவித்தொகைக்கு மேலும், பெண்கள் தடகளத்துக்கு 18க்கு மேலும் தர முடியாது. அந்த 12.6ஐ முப்பது, நாற்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துள்ளது: தடகளத்தில் 45, பெண்கள் கைப்பந்தில் 18, டென்னிஸில் 10. எல்லோருக்குமே முழு உதவித்தொகை கொடுக்க விதி இடம் தருகிறது. கொடுப்பார்களா என்பது அந்தக் கல்லூரியின் பணப்பெட்டியைப் பொறுத்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தக்கவைக்கப் பணம் தேவைப்படுவதால், சிறிய விளையாட்டுகளின் செலவைக் குறைக்கும் கல்லூரிகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் நீச்சல் அணியையே கலைத்துவிட்டது.

எனவே அழைக்கும் பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை: உங்கள் கல்லூரி ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா? எங்கள் பிள்ளைக்கு அணியில் உறுதியான இடம் உண்டா, அல்லது தேர்வு வைத்த பிறகுதான் தெரியுமா? கடந்த மூன்று ஆண்டுகளில் முதலாண்டு மாணவர்களாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான விடையை அவரிடம் கேட்காமலும் கண்டுபிடிக்கலாம். கல்லூரியின் விளையாட்டு இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டின் அணிப் பட்டியலும் இருக்கும். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

2024 ஏப்ரல் முதல், படிப்பில் தகுதி பெற்றிருந்தால் வீரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே விளையாடலாம் என்று ஆகிவிட்டதால், பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட, வேறு கல்லூரியில் தேறிவிட்ட இருபத்தொரு வயது வீரரையே பல பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது பாதகம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதில் ஒரு வழியும் இருக்கிறது. இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலோ இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியிலோ தொடங்கி, தேறிய பின் முதல் பிரிவுக்கு மாறலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் அது கிடையாது. ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்து அவை தரும் உதவி பெரிது என்பதால், படிப்பிலும் முதலிடத்தில் நிற்கும் பிள்ளை அவற்றைத் தாராளமாக முயலலாம்.

எதை அனுப்புவது

உபஜில்லாப் போட்டியில் கைக்கடிகாரத்தில் எடுத்த நேரத்தை அமெரிக்கப் பயிற்சியாளர் ஏற்கமாட்டார். மாநில, தேசியப் போட்டிகளில் மின்னணு முறையில் பதிவான நேரத்தையே அனுப்புங்கள். எறிதலில் எடையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: 18 வயதுக்குட்பட்ட ஆண்கள் எறியும் குண்டு 5 கிலோ, அமெரிக்கக் கல்லூரியில் எறிய வேண்டியது 7.26 கிலோ. எடையைச் சொல்லாமல் அனுப்பிய தூரத்தால் பின்னால் மனக்கசப்பு வரும். கல்லூரித் தடகள முடிவுகள் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். இணையதளத்தில் கிடைக்கின்றன. அங்கே, நீங்கள் விரும்பும் கல்லூரி ஆடும் லீக்கின் இறுதிப் போட்டியில் எட்டாம் இடம் பிடித்தவரின் அளவைப் பாருங்கள். பெரும்பாலான லீக் போட்டிகளில் முதல் எட்டு பேருக்கே புள்ளி. புள்ளி எடுக்கக்கூடியவருக்கே பயிற்சியாளர் உதவித்தொகை தருவார்.

படிப்புத் தகுதியும் அதே அளவு முக்கியம். முதல் பிரிவில் சேர, ஒன்பதாம் வகுப்பு முதல் படித்த பாடங்களில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் போன்ற 16 மையப் பாடங்களை என்.சி.ஏ.ஏ. தகுதி மையம் கணக்கில் எடுத்து, நான்குக்குக் குறைந்தது 2.3 சராசரிப் புள்ளியை எதிர்பார்க்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக்கூடப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால், அசலோடு சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். கேரளத்தில் விளையாட்டுக்குக் கிடைக்கும் கிரேஸ் மார்க்கை நம்பிப் பாடத்தை விட்டுவிடுவது இங்கே பொருந்தாது. தமிழ்வழிப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

உள்ளூர்ப் போட்டிகளில் வாங்கிய பரிசுப் பணம், செவன்ஸ் கால்பந்தில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய தொகை எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். தகுதி மையம் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

உதவித்தொகையைக் கணக்கிடுதல்

கடிதத்தில் விழுக்காடு இருந்தால், எதன் விழுக்காடு என்று கேளுங்கள். கல்விக்கட்டணத்தில் 60 விழுக்காடும், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவில் 60 விழுக்காடும் ஒன்றல்ல. மொத்தச் செலவு ஆண்டுக்கு 50,000 டாலர், உதவி அதில் 60 விழுக்காடு என்றால், மீதி 20,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலும் ஆண்டுக்கு 17 லட்சம் ரூபாய். விசாவுக்குமுன் இந்த மீதிக்கான பணம் உங்களிடம் இருப்பதைக் கல்லூரிக்கே ஆதாரத்தோடு காட்ட வேண்டும். தென்னந்தோப்பை அடமானம் வைத்து இதைச் செய்யத் துணியும் பெற்றோர்கள், நான்கு ஆண்டுகளின் மொத்தத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பின்பே முடிவெடுங்கள். இன்னொரு செலவும் உண்டு: உதவித்தொகையில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தரும் பகுதிக்கு, வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக 14 விழுக்காடு வரி பிடிக்கப்படும்.

எத்தனை ஆண்டுக்கு உறுதி, காயம் பட்டால் தொடருமா, கோடைக்காலப் பாடங்களுக்கு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். முதல் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக் காயத்துக்கான மருத்துவச் செலவைப் படிப்பு முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு ஏற்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறை. ஒரு கல்லூரியில் சேர உறுதியளித்து வீரர் கையெழுத்திட்டு வந்த பழைய தேசிய ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டதால், உதவித்தொகை ஒப்பந்தமே இப்போது உங்கள் கையில் இருக்கும் முதன்மை ஆவணம்.

விசாவும் விளம்பரப் பணமும்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். விளம்பரத்தில் நடிப்பதும் ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுப் பணம் வாங்குவதும் வேலை என்றே கொள்ளப்படக்கூடும் என்பதால், சக அமெரிக்க வீரர் தயங்காமல் வாங்கும் காசோலையை நம் பிள்ளை வாங்க முடியாமல் போகிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரக் கூடைப்பந்து வீரராக இருந்த கனடியர் சாக் ஈடிக்கே இந்தத் தடை இருந்தது. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் சிப்வே, 2022இல் அணி பஹாமாஸ் சென்றபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே தன் விளம்பர வேலைகளை முடித்தார். அதேபோல விடுமுறையில் ஊருக்கு வந்து கோவையிலோ பாலக்காட்டிலோ ஒரு கடைக்கு விளம்பரம் செய்யலாம் என்று தோன்றும். அதற்கும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் எழுத்துபூர்வமான பதிலை முதலில் வாங்குங்கள். முதல் பிரிவில் 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள விளம்பர ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம். சில ஆயிரம் டாலருக்காக விசாவை இழந்தால், உதவித்தொகையும் படிப்பும் சேர்ந்தே போகும்.

இடைத்தரகர்

கோவையிலும் கொச்சியிலும் இருந்து இடம் பிடித்துத் தருவதாகச் சொல்வோர் வருவார்கள். கிடைக்கும் உதவித்தொகையில் இத்தனை விழுக்காடு என்று கமிஷன் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பிள்ளையின் தகுதியையே கெடுக்கக்கூடும். பயிற்சியாளரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரி அந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். பிள்ளையே எளிய ஆங்கிலத்தில், தன் அளவுகள், போட்டியின் பெயர், தேதி, காணொளி இணைப்பு, மதிப்பெண் ஆகியவற்றோடு எழுதலாம். இதற்குக் கட்டணமில்லை.

பதில் வருவதற்குள் இங்குள்ளதைக் கைவிட வேண்டாம். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் அளவுக்கு உதவி உண்டு, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கே வருகிறது. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு எழுதுவதில் தவறில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, பிள்ளை எங்கே நான்கு ஆண்டும் தொடர்ந்து போட்டியிட முடியும், எங்கே பட்டத்தோடு வெளியே வர முடியும் என்று பிள்ளையோடும் அவருடைய பயிற்சியாளரோடும் உட்கார்ந்து பேசுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்காவது அமெரிக்கப் பயிற்சியாளர் எழுத்தில் பதில் தர மறுத்தால், பதில் வரும்வரை கையெழுத்திடாதீர்கள்.