சிறுமலையில் 14 பேர், ஒரு ராத்திரி: கேம்பிங் ஏற்பாடு செய்வது எப்படி?

திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிற சிறுமலைக்கு நாங்கள் போனது மூன்று குடும்பம், 14 பேர், அதில் 5 பேர் சின்னப் பிள்ளைகள். தங்கிய இடத்தில் கரண்ட் இல்லை, குழாய் இல்லை. பலாமரத்தடியில் கொஞ்சம் சமதரை, தள்ளி ஒரு குழிக் கக்கூஸ், சரிவுக்குக் கீழே ஒரு கிணறு. இரண்டு தடவை போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். கூடாரம் அடிப்பதைப் பற்றி எழுதப்போவதில்லை. கிளம்புவதற்கு முன்னால் மொட்டை மாடியில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் போதும்.

1. இடமும் மாசமும்

காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க முடியாது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். நாங்கள் தங்கியது மிளகும் காப்பியும் போட்ட பட்டா நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. போனில் பேசும்போதே, பட்டா இடம்தானா, வெளியாட்களைத் தங்கவைக்க அனுமதி இருக்கிறதா, வண்டி எதுவரை வரும் என்று கேட்டுவிடுங்கள். மலையேறவும் ஆசை என்றால், 2024-ல் தமிழக வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போவதுதான் முறை.

மாசி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் நான் கூட்டிப் போகமாட்டேன். புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ல் பிடித்த குரங்கணித் தீ 23 உயிரைக் கொண்டுபோனது. அது நமக்குப் பக்கத்து மாவட்டமான தேனியில் இருக்கிற மலை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழிக் கடைசியும் தை மாசமும்தான் தோது. குளிரும், பிள்ளைகளுக்குக் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீர்

முதல் தடவை நாங்கள் தவித்தது இதில்தான். 20 லிட்டர் கேன் மூன்று கொண்டுபோனோம், கேனைச் சாய்க்காமல் தண்ணீர் எடுக்கிற கைப்பம்பை எடுக்கவில்லை. அரிசி களைய ஒரு கேனைச் சாய்த்தபோது, இருட்டில் கைநழுவி உருண்டு முக்கால்வாசி மண்ணுக்குப் போய்விட்டது. மற்ற இரண்டும் மத்தியானமே பாதிக்குமேல் தீர்ந்திருந்தன. கிணற்றுக்கு இறங்கலாம் என்றால், காட்டுமாடு நடமாடும் நேரம், கீழே போகக்கூடாது என்று தோட்டக்காரர் ஐயா சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். எனக்கு விடியும்வரை தூக்கம் இல்லை.

இப்போது என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர். 14 பேருக்கு 70, அதாவது 4 கேன். கை கழுவ, பாத்திரம் கழுவ இன்னொரு கேன். கக்கூஸுக்கு வேண்டிய கிணற்றுத் தண்ணீரைப் பொழுது சாய்வதற்குள் இறைத்து டிரம்மில் நிரப்பிவிட வேண்டும். வாளியும் நீளமான கயிறும் நம்முடையதாக இருக்கட்டும். கைப்பம்பு இரண்டு வேண்டும். பேட்டரி பம்பு எனக்குப் பிடிக்காது, சார்ஜ் தீர்ந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை.

கை கழுவத்தான் தண்ணீர் கணக்கில்லாமல் போகிறது. ஒரு லிட்டர் பாட்டில் மூடியில், சுட்ட ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, மரத்தில் தலைகீழாகக் கட்டுங்கள். பாட்டிலை அமுக்கினால் நூல் மாதிரி தண்ணீர் வரும். ஒரு பாட்டிலில் ஏழெட்டுப் பேர் கை கழுவிவிடலாம். சாப்பிடத் தட்டு வேண்டாம், தையல் இலை போதும்.

3. சமையல்

மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே புளியோதரை. ராத்திரிக்கு ஒரே பாத்திரத்தில் தக்காளி சாதம். விறகு மூட்டாதீர்கள், 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் போதும். மிச்சம் மீதியை வெளியே போட்டால் குரங்கும் பன்றியும் வரும். எல்லாவற்றையும் மூடி வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள், குப்பையைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள்.

4. வெளிச்சம்

செல்போன் டார்ச்சை நம்ப வேண்டாம். தலையில் மாட்டுகிற விளக்கு, குடும்பத்துக்கு இரண்டு. ராத்திரி ஒண்ணுக்குப் போகிற பிள்ளையோடு பெரியவர்கள் இரண்டு பேர் போகட்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போய்வந்த ஒரு தங்கச்சி, 18 கொண்டை ஊசி வளைவிலும் கேன்கள் உருண்டு மூடி கழன்றதாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் கேன்களை நிற்கவைத்து, இடுக்கில் ஜமக்காளத்தையும் போர்வையையும் திணித்து, கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வாந்தி வருமே என்று இன்னொருவர் கேட்டார். திண்டுக்கல்லில் பிரியாணி வாங்கித் தராதீர்கள். இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு மலை ஏறுங்கள்.