டயலிசிஸ் ஊசி: பிஸ்டுலாக் கையைக் கெடுக்கும் தவறுகள்

"மிஸ்ஸி, வழமையான இடத்திலயே போடுங்க, அங்கதான் நோகாது." மட்டக்களப்பிலும் சரி கல்முனையிலும் சரி, டயலிசிஸ் எடுக்கும் ஆட்கள் ஊசி குத்தும் நேரத்தில் அதிகம் சொல்வது இதைத்தான். குத்துகிறவருக்கும் அது லேசான இடம், வேலை சுருக்காக முடியும். ஆனால் ஒரு நல்ல பிஸ்டுலாவை, அதாவது டயலிசிஸ் ஊசிக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இணைப்பை, இதைவிட மோசமாகக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

அங்கே நோகாமல் இருப்பதற்குக் காரணம், திரும்பத் திரும்பக் குத்தித் தோல் தழும்பாகி உணர்ச்சி குறைந்துபோனதுதான். உள்ளே நாளத்தின் சுவரும் அப்படியே பலவீனமாகி, அந்த இடம் பலூன் போலப் பொங்கும், பக்கத்தில் ஒடுங்கும். பொங்கின தோல் மெல்லிசாகி மினுங்கினால், அல்லது பொருக்கு ஆறாமல் நின்றால், அதில் ஊசி படவே கூடாது, அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். அது வெடித்தால் சில நிமிடங்களிலேயே உயிராபத்து.

சரி, எங்கே குத்துவது? நாளத்தின் முழு நீளத்திலும் ஏணிப்படி ஏறுவது போல, போன முறை குத்தின துளையிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி. ஒரு கொப்பியில் கையின் படத்தைக் கீறி, ஒவ்வொரு முறையும் புள்ளியும் திகதியும் போட்டு வையுங்கள், ஊசிக்கு முதல் அதைக் காட்டுங்கள். ஒரே துளையில் குத்தும் முறை ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது அதே துளை, அதே கோணம், முனை மழுங்கிய ஊசி என்று கட்டுப்பாட்டோடு செய்வது, அதிலும் கிருமித் தொற்று கூடுதல். "கிட்டத்தட்ட அதே இடம்" என்பது அந்த முறை இல்லை.

புதுப் பிஸ்டுலாவில் அவசரப்படவும் கூடாது. குறைந்தது 6 கிழமையாவது போக வேண்டும், நாளம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலத்துக்கு வர வேண்டும், முதல் நாட்களில் 17 ஆம் நம்பர் மெல்லிய ஊசிதான் நல்லது.

பொத்துவில், வாழைச்சேனைப் பக்கமிருந்து பஸ்ஸில் வேர்த்து வருகிறவர்கள் கதிரையில் ஏற முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஸ்பிரிட் மட்டும் போதாது. ஸ்பிரிட் பூசினால் காய விட வேண்டும். பூசின பிறகு "நாளம் எங்கே" என்று விரலால் திரும்பத் தடவிப் பார்ப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது, அப்படிச் செய்தால் துடைத்ததே வீண். திரும்பத் துடைக்கச் சொல்லுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை!

குத்த முதல் பிஸ்டுலாவில் இரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஊசி வேண்டாம், டொக்டரைக் கூப்பிடுங்கள். நாடியும் நாளமும் இணைத்த தழும்பிலிருந்து ஊசி 3 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், இரண்டு ஊசி முனைக்கும் இடையில் 5 சென்ரிமீற்றராவது வேண்டும், நெருங்கினால் சுத்தமான இரத்தமே திரும்ப மெசினுக்குப் போகும். குத்தினது பிழைத்தால் உள்ளே வைத்துக் கிண்டக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது வீங்கினாலோ நொந்தாலோ பொறுத்துக்கொண்டு கிடக்காமல் உடனே சத்தமாகச் சொல்லுங்கள்.

ஊசியைக் கழற்றும்போது, அது முழுக்க வெளியே வர முதல் அழுத்தினால் முனை நாளத்தைக் கிழிக்கும். வந்த பிறகு இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம், நடுவில் தூக்கிப் பார்க்காமல் அழுத்த வேண்டும்.

அப்புறம் அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், கோயில் காப்பு நூலையும் மணிக்கூட்டையும் மற்றக் கையில் கட்டுங்கள், பஸ் கம்பியையும் மற்றக் கையாலேயே பிடியுங்கள். வழியிலோ வீட்டிலோ இரத்தம் கசிந்தால் துவாயைச் சுற்றிக்கொண்டு இருக்க வேண்டாம், அது இரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. துளையிலேயே விரலை வைத்து இறுக்கி அழுத்துங்கள், நிற்கவில்லையென்றால் அழுத்தின விரலை எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரை 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.