கேம்பர்வேனின் துணை பேட்டரி ஒரே இரவில் இறங்கிவிடுகிறதா? புதியது வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் தங்கியிருந்த ஓர் இரவு, எங்கள் கேம்பர்வேனின் (உள்ளேயே தங்கி உறங்கும் வசதி கொண்ட வேன்) ஃபிரிட்ஜ் பின்னிரவு இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. அன்று பகல் முழுவதும் வண்டி ஓடியிருந்ததால், எஞ்சினுக்கு அல்லாமல் ஃபிரிட்ஜ் போன்ற உள் வசதிகளுக்கு மின்சாரம் தரும் துணை பேட்டரி நிறைந்திருக்கும் என்றே நம்பியிருந்தேன். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து, ஊர் திரும்பியதும் 110 ஆம்பியர்-மணி கொள்ளளவில் புதிய ஏ.ஜி.எம். பேட்டரி (ஈய-அமில பேட்டரியில் ஒரு வகை) ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். இரண்டே மாதங்களில் அதுவும் அதேபோல் இறங்கத் தொடங்கியது. வண்டி ஓடும்போது எந்த பேட்டரியை வைத்தாலும் அது முழுமையாக நிறையவில்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. அதைக் கண்டறிந்த முறையைப் புதியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

கருவிகள்

சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதோடு, கம்பியைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்வி நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். அவை இந்த வேலைக்கு உதவாது. நான் வைத்திருப்பது யூனி-டி யூடி210ஈ. சிறிய கசிவையும் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றின் இரு முனைகளிலும் முதலைக் கிளிப் பொருத்தி வைத்துக்கொண்டால் நான்காம் படியில் பெரிதும் உதவும்.

முதல் படி: ஓய்வு நிலை வோல்ட்

மின்னேற்றம் முடிந்த கையோடு அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. சோலார் உட்பட எல்லா இணைப்புகளையும் துண்டித்து, ஓர் இரவு விட்டு, காலையில் அளக்க வேண்டும். 12.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.8 என்றால் காலி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 110 ஆம்பியர்-மணியில் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடியது 55 மட்டுமே.

இரண்டாம் படி: செலவுக் கணக்கு

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கிறது. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினாலே 32 ஆம்பியர்-மணி செலவாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். எங்கள் வண்டியில் அப்போதும் 0.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, எதுவும் செருகப்படாமல் சுவிட்ச் மட்டும் போட்டிருந்த இன்வெர்ட்டர்தான் காரணம் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு 19 ஆம்பியர்-மணி அதில் வீணாகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் படி: பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு

வீட்டு மின்சாரத்தில் முழுமையாக மின்னேற்றி, ஓய்வு கொடுத்து, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பத்து மணி நேரம் எரியவிடுங்கள். பல்பு கடுமையாகச் சுடும் என்பதால் ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். ஏறத்தாழ 45 ஆம்பியர்-மணி செலவாகியிருக்கும். அதன் பின் ஓய்வு நிலையில் 12.2-க்கு மேல் காட்டினால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. 12.0-க்குக் கீழே போயிருந்தால் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள்.

நான்காம் படி: வண்டி ஓடும்போது மின்சாரம் போய்ச் சேருகிறதா?

நான் தடுக்கி நின்ற இடம் இதுதான். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பேட்டரிகளையும் அளந்தபோது, இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வோல்ட் காட்டியது. கம்பிகளை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம் காட்டியது. ஆகவே கம்பிகளில் குறையில்லை என்று எழுதி வைத்துவிட்டேன்.

அந்த அளவை நான் எடுத்தது, முந்தைய இரவு முழுவதும் வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றிய பேட்டரியில். நிறைந்த பேட்டரி மிகக் குறைந்த மின்னோட்டத்தையே வாங்கிக்கொள்ளும். மின்னோட்டம் இல்லாத இடத்தில், இணைப்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் வோல்ட் இழப்பு தெரியாது. ஓம் அளவும் உதவாது. 20 ஆம்பியர் ஓடும்போது ஒரு முழு வோல்ட்டை விழுங்குவதற்கு 0.05 ஓம் தடையே போதும். சாதாரண மீட்டரில் அது பூஜ்யமாகத்தான் தெரியும்.

ஆகையால் துணை பேட்டரியை 12.2 அளவுக்கு இறக்கிய பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அப்படிச் செய்தபோது எஞ்சின் பேட்டரியில் 14.3 வோல்ட், துணை பேட்டரியில் 13.1 வோல்ட். 13.1 வோல்ட்டில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. அரைகுறையாகவே கிடந்து தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போகும்.

காணாமற்போன 1.2 வோல்ட் எங்கே என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பேட்டரியின் பாஸிட்டிவிலும், நீண்ட கம்பியின் உதவியால் மறுமுனையைத் துணை பேட்டரியின் பாஸிட்டிவிலும் வைத்தேன்: 0.2. இரண்டு நெகட்டிவ் முனைகளுக்கு இடையே வைத்தேன்: 1.0. பாஸிட்டிவ் பக்கக் கம்பி, எஞ்சின் ஓடும்போது இரு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே, பியூஸ் ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். நெகட்டிவ் முனையை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

எர்த் போல்ட்டைக் கழற்றியபோது, கம்பியின் வளைய முனைக்கு அடியில் வண்டியின் வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது. நடுவில் போல்ட் துளையைச் சுற்றி மட்டும் துருவின் பழுப்பு வளையம். வேனை மாற்றியமைத்துக் கொடுத்தவர் பெயின்ட்டைச் சுரண்டாமலே முடுக்கியிருந்தார். அத்தனை மின்சாரமும் போல்ட்டின் மரைகள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சரிசெய்வது கடினமில்லை. முதலில் நெகட்டிவ் முனைகளைக் கழற்றுங்கள். கையில் மோதிரம், கடிகாரம் வேண்டாம். உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, வளைய முனையையும் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக முடுக்கி, அதன் பிறகே மேலே பெயின்ட் பூசுங்கள். பூசிவிட்டு முடுக்கினால் பழைய கதைதான். மறுபடி அளந்தபோது நெகட்டிவ் பக்க இழப்பு 0.05 வோல்ட்டாகக் குறைந்திருந்தது.

பின்சேர்க்கை

யூரோ 6 (ஐரோப்பியப் புகை வெளியீட்டு விதி) வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இருவர், எர்த் சரியாக இருந்தும் பேட்டரி நிறையவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், எரிபொருளை மிச்சப்படுத்த ஓட்டத்தின் நடுவே வோல்ட்டை வேண்டுமென்றே குறைத்துவிடும். வோல்ட்டைப் பார்த்து இயங்கும் ரிலே அப்போது விலகிக்கொள்ளும். அவர்களுக்கு, குறைந்த வோல்ட்டையும் துணை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி. பெரிய பேட்டரி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறையாத தொட்டியைப் பெரிதாக்குவதால் தண்ணீர் அதிகமாகிவிடாது.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் முதல் படியின் வோல்ட் எண்களைப் பயன்படுத்த வேண்டாம். அதன் வோல்ட் நெடுநேரம் 13.2-ஐ ஒட்டியே நிற்பதால், ஷண்ட் (உள்ளே வந்து வெளியே போகும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) பொருத்திய மானிட்டர் இல்லாமல் மீதமுள்ள அளவை அறிய முடியாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை மின்னேற்றக் கூடாது என்பதால் பல பேட்டரிகளின் உள் பாதுகாப்புச் சுற்று தானாகவே தடுத்துவிடும். பனிக்காலக் காலையில் மின்னேறவில்லை என்றால் முதலில் பேட்டரியின் வெப்பநிலையைப் பாருங்கள்.