சுவர்ப்பந்துப் பதக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருமா?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் பிள்ளைகளுக்குச் சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) சொல்லித் தருகிறேன். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிக்குப் போனதும் பெற்றோர் என்னிடம் இதைத்தான் கேட்பார்கள். பதக்கத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த விளையாட்டுக்கு அணி இருக்கிறதா, அதன் பயிற்றுநருக்கு உங்கள் பிள்ளை வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

முதலில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு இணையப்பக்கத்தில் அணிப் பட்டியலைப் பாருங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் சுவர்ப்பந்து அணி உண்டு. வாள்வீச்சுக்கு நோட்டர் டேம் பெயர் பெற்றது. நம் வாள்வீச்சு வீராங்கனை அமிதா பெர்த்தியே அங்கே ஆடியவர். வலைப்பந்துக்கும் (நெட்பால்), காலால் பந்தாடும் செப்பாக் தக்ராவுக்கும் அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் சொந்த அணி கிடையாது. மாணவர்கள் தாங்களாக நடத்தும் கிளப் குழுவை இதில் சேர்க்காதீர்கள். அதற்காக யாரும் இடம் கேட்டு வாதாட மாட்டார்கள்.

பயிற்றுநர் வாதாடினால் நிலைமையே வேறு. மாணவர் சேர்க்கை பற்றி ஹார்வர்ட் மீது நடந்த வழக்கில் 2018இல் வெளிவந்த கணக்குப்படி, பயிற்றுநர் தேர்ந்தெடுத்த வீரர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவர்கள் மதிப்பெண்ணிலும் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். பயிற்றுநர் முன்கூட்டியே மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டிக் கேட்டுவிடுவார். படிப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதியது பயிற்றுநருக்கு உடனே தெரிந்துவிடும். தொடக்கக் கல்லூரி முதலாண்டிலேயே அனுப்புவது நல்லது. தேசியப் பள்ளி விளையாட்டுகள், ‘ஏ’ பிரிவு என்று மட்டும் எழுதினால் அமெரிக்கருக்குப் புரியாது. எத்தனை பேர் ஆடினார்கள், யாரை வென்றார், ஆசிய இளையர் போட்டிகளில் எந்தச் சுற்றுவரை போனார் என்று எழுத வேண்டும். ஓர் ஆட்டத்தின் முழு வீடியோவை வெட்டாமல் அனுப்புங்கள். நல்ல அடிகளை மட்டும் ஒட்டிய வீடியோவில், புள்ளி போன பிறகு பிள்ளை எப்படி நிற்கிறான் என்பது தெரியாது. நான் தேர்வு செய்தாலும் அதைத்தான் பார்ப்பேன். சில விளையாட்டுகளில் பயிற்றுநர் பதில் எழுதத் தேதிக் கட்டுப்பாடு உண்டு. பதில் வராவிட்டால் மனம் தளராமல், அடுத்த போட்டி முடிவோடு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

பேச்சு நெருங்கியதும் பிள்ளை நேராகக் கேட்க வேண்டும்: “சேர்க்கை அலுவலகத்தில் என்னை ஆதரிப்பீர்களா?” “விண்ணப்பம் போடு, பார்க்கலாம்” என்பது ஆதரவு ஆகாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் தருவதில்லை. குடும்ப வருமானம் பார்த்துத்தான் உதவி. செலவுக் கணக்கை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

சிலம்பம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். அணி இல்லாததால் பயிற்றுநர் ஆதரவு என்ற வழி அங்கே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் அதற்கு நல்ல இடம் உண்டு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் ஒரு நடவடிக்கையை விவரிக்க 150 எழுத்துகளுக்குத்தான் இடம். “பாரம்பரியக் கலையைப் போற்றுகிறேன்” என்று அதை வீணாக்க வேண்டாம். வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுத்தாள், எந்த மேடையில் ஆடினாள் என்று எழுதட்டும். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆடாத விளையாட்டுக்கு வீரர் என்று பொய்யாகக் காட்டிய பெற்றோர் 2019இல் அமெரிக்காவில் சிறைவரை போனார்கள்.

ஆக்ஸ்ஃபர்டுக்கு இதெல்லாம் தேவையில்லை, அங்கே படிப்புதான். நம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களான என்யுஎஸ், என்டியுவில் மதிப்பெண்ணோடு திறனையும் பார்க்கும் சேர்க்கைமுறை உண்டு.

பையன்களுக்கு ராணுவம் போன்றவற்றில் கட்டாயத் தேசியச் சேவை இருக்கிறது. பயிற்றுநர் எந்த ஆண்டு யார் வருவார் என்று கணக்குப் போட்டுத்தான் அணி அமைக்கிறார். ஆகவே முதல் கடிதத்திலேயே, சேவை எப்போது முடியும், எந்த ஆகஸ்டில் வந்து சேர முடியும், முகாமில் இருக்கும்போது பயிற்சியை எப்படித் தொடர்வான் என்று எழுதிவிடச் சொல்லுங்கள்.