காமெட் குதிரையின் கதைகளைத் தேடி வாங்கிப் படிப்பது எப்படி?

அமெரிக்கச் சித்திரக்கதை நாயகி சூப்பர்கேர்ளின் வளர்ப்புக் குதிரையான காமெட்டின் கதைகளைச் சேகரிக்க விரும்புபவர், இதழின் எண்ணை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. அக்கதைகளை வெளியிட்ட டிசி நிறுவனத்தின் 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 293ஆம் இதழில், 1962 பிப்ரவரியில், காமெட் முதன்முதலாகத் தோன்றியது. அதன் பிறப்புக் கதையோ அதே ஆண்டு அக்டோபர் மாதமிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 293ஆம் இதழில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமுள்ள கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, பழைய இதழ்களைத் தபாலில் அனுப்பும் ஒருவரிடம் "293 வேண்டும்" என்று மட்டும் எழுதிய எனக்கு, பிறப்புக் கதைக்குப் பதிலாக மற்றொன்று வந்து சேர்ந்தது. ஆகவே இதழின் பெயர், எண், மாதம் மூன்றையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

வெளிவந்த வரிசையில் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஜெர்ரி சீகல் எழுதி கர்ட் ஸ்வான் வரைந்த அந்த முதல் கதையில், சூப்பர்கேர்ள் இனிமேல்தான் சந்திக்கப்போகும் வருங்காலக் குதிரையாகவே காமெட் வந்துபோகிறது. எனவே 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 292, 293, 294 ஆகிய மூன்றையும் முதலில் படித்துவிட்டு, அதன்பின் 'அட்வென்ச்சர்' இதழுக்குத் திரும்புவதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றில் நிதானமாகப் படிக்க வேண்டியது 293தான். பாதி மனிதனாகவும் பாதி குதிரையாகவும் பண்டைய கிரேக்கத்தில் வாழ்ந்த பைரன், முழு மனிதனாக விரும்பிச் சர்சி என்னும் மாயக்காரி தந்த மருந்தைக் குடிக்க, அது மாறிப்போய் அவன் முழுக் குதிரையாகிவிடுகிறான். அதற்கு ஈடாக அவள் அபூர்வ ஆற்றல்களை அளித்தும், பின்னர் ஒரு மந்திரவாதி அவனைத் தனுசு நட்சத்திர மண்டலத்தில் சிறைவைத்துவிடுகிறான். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அங்கே பரிகள் இரவோடிரவாக நரிகளாகிவிட்டன, பைரனுக்கோ அப்படித் திரும்பும் வழி வாய்க்கவில்லை.

1962ஆம் ஆண்டு இதழ் என்று சொல்லி விற்றால், அட்டையில் 12 சென்ட் விலை இருக்கிறதா என்று பாருங்கள். உட்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மாதமும் எண்ணும் அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். அட்டையில் காணும் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும் என்பதால், பிப்ரவரி இதழை 1961 டிசம்பரோடு சேர்த்துக் குறித்திருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

1985-86இல் டிசி தன் கதையுலகைத் திருத்தி அமைத்தபோது இந்தக் குதிரையும் பழங்கதையாகிவிட்டது. 1997இல் அதே பெயரில் வந்தது வேறொரு பாத்திரம்; இந்தக் குதிரையின் கதைகளைத் தேடும் பட்டியலில் அதைச் சேர்க்காதீர்கள்.

மலிவுத் தாளில் அச்சான இவ்விதழ்கள் வெயில் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். கணவாய்க் காற்றோடு ஈரமும் புகும் எங்கள் பக்கத்து வீடுகளில், ஒவ்வொன்றையும் தனி உறையிலிட்டு, கெட்டி அட்டையை முட்டுக்கொடுத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாக ஊறி அடுத்த பக்கத்துப் படத்தையும் கெடுத்துவிடும்.