ஜி.எஸ்.டி.யைக் குறைப்பாராம் நம்ம வேட்பாளர்: வரி வாக்குறுதி கேட்கும்போது செய்கிற தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டாக வேண்டும் என்பதால், மாதா மாதம் 18, 19 தேதிகளில் அந்தக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல்தான் என் ஆபீஸ். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் மேளதாளத்தோடு கடைக்குள் வந்தார். முதலாளி சால்வை போர்த்திவிட்டு, "அண்ணே, இந்த ஜி.எஸ்.டி.யை மட்டும் குறைச்சுக் கொடுத்துடுங்க" என்றார். வேட்பாளர் யோசிக்கவே இல்லை. "ஜெயிச்சதும் முதல் வேலை அதுதான்." இருவருக்கும் திருப்தி. நான் பில் புக்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை தேர்தலுக்குத் தேர்தல் நடப்பது இதுதான். வேட்பாளரைக் குறை சொல்வதற்கு முன் நம் கேள்வியைப் பார்க்க வேண்டும். எந்த வரியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் கேட்டால், எந்தப் பதிலும் நல்ல பதிலாகத்தான் தெரியும்.

ரெடிமேடையே எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 18. சாதா சட்டை, சுடிதார் விற்பவருக்கு லாபம். கல்யாண ஷெர்வானி விற்பவருக்கு வயிற்றெரிச்சல். இந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டமன்றத்திலும் விவாதம் நடந்து முடிவாகவில்லை. டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தது. அதற்குத் தலைவர் மத்திய நிதியமைச்சர். மாநிலத்துக்கு ஒரு அமைச்சர் உறுப்பினர். ஓட்டெடுப்பு வந்தால் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை; மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஆனால் ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மாநிலங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு வேண்டாம் என்றால் நடக்காது. பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதமும் கிடையாது. கணக்குப் போட்டால் தமிழ்நாட்டின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 சதவீத எடைதான் வரும்.

இதில் 234 பேரில் ஒருவரான எம்.எல்.ஏ. எங்கே வருகிறார்? "எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் மன்றத்தில் இந்தப் பொருளுக்கு இந்த விகிதம் கேட்போம்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அது நேர்மையான பேச்சு. "குறைத்துவிடுவேன்" என்றால் அவருக்கு விஷயம் தெரியவில்லை. அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சரி, அப்படியானால் மாநிலத் தேர்தலில் வரியைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று சிலர் கையை உதறுகிறார்கள். அது அடுத்த தவறு. பெட்ரோல், டீசல், மது மூன்றும் இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றின் மீதான மாநில வரி கோட்டையில், அதாவது மாநிலத் தலைமைச் செயலகத்தில், முடிவாகிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கான மாநில வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது இப்படித்தான். காசிமேட்டு விசைப்படகுக்கு வரி இல்லாத டீசல் கிடைப்பதும் மாநில அரசின் முடிவே. கடை வாங்கும்போது கட்டுகிற முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. பதிவுக் கட்டணம் முன்பு 4 ஆக இருந்தது. 2023 ஏப்ரலில் அதைப் பாதியாக்கியபோது வழிகாட்டி மதிப்பையும், அதாவது இந்தச் சதவீதங்களைக் கணக்கிட அரசு இடத்துக்கு வைக்கும் விலையையும், உயர்த்தினார்கள். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். தங்கசாலைப் பக்கம் 200 சதுர அடி கடை வாங்குபவர் சதவீதத்தை மட்டும் கேட்டால் போதாது. மதிப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

இங்கேயும் ஒரு எல்லை உண்டு. வரி விதிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சட்டமன்றத்தில் கொண்டுவர முடியாது. நடைமுறையில் அரசு மட்டுமே கொண்டுவரும். தனி உறுப்பினர் கேள்வி கேட்கலாம், அரசின் செலவுக் கோரிக்கையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், ஓட்டுப் போடலாம். ஆகவே வேட்பாளரிடம் "என்ன செய்வீர்கள்" என்பதைவிட "எதற்கு எதிராகப் பேசுவீர்கள், உங்கள் கட்சியே கொண்டுவந்தாலும் பேசுவீர்களா" என்று கேட்பது உருப்படியான கேள்வி. இதைக் கேட்டால் பெரும்பாலும் கூட வந்தவர்கள் நேரமாகிவிட்டது என்பார்கள்.

இனி நானே செய்த தவறு. 'புதிய வரி இல்லாத பட்ஜெட்' என்று பேப்பரில் பார்த்தால் நிம்மதியாக டீ குடிக்கிறவனாக இருந்தேன். 2022ஆம் ஆண்டு அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது. சொத்து வரி அந்த ஆண்டு உயர்ந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கே 50 சதவீதம் கூடியது. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த திருவொற்றியூர், மணலி பக்கம் 25. பெரிய கட்டடங்களுக்கு இன்னும் அதிகம். செப்டம்பரில் கரண்ட் பில். இரண்டுமே பட்ஜெட் உரைக்கு வெளியே வந்தவை.

வியாசர்பாடியில் என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்காரர் அந்த மாதம் மின்கட்டண அட்டையையும் பழைய ரசீதுகளையும் மேஜையில் பரப்பிவைத்து, "மிஷின் ஓடின நேரம் அதேதான் சார், இது எங்கிருந்து வந்தது?" என்றார். நிலைக்கட்டணத்தைப் பார்க்கச் சொன்னேன். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அதன் கனம் தெரியும். 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறுதொழில்காரர்கள் ஒரு நாள் கதவை அடைத்ததும் இந்தக் கோபத்தில்தான்.

இதைப் பற்றிக் கேட்டால் வேட்பாளர்களிடம் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: "கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், நாங்கள் இல்லை." சட்டப்படி சரிதான். ஆனால் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வருவதும், விசைத்தறிக்குச் சலுகை கிடைப்பதும் அரசு மானியம் கொடுப்பதால்தான். பட்டறைக்கு ஏன் முடியாது என்று கேட்கலாம். முடியாது என்பதற்கு ஒரு காரணம் சொன்னாலும் அது பதில்தான். சொத்து வரியும் அப்படியே. வசூலிப்பது மாநகராட்சி, 2022 உயர்வுக்கான அரசாணை வந்தது கோட்டையிலிருந்து. கவுன்சிலரைக் கைகாட்டிவிட்டு எம்.எல்.ஏ. வேட்பாளர் நழுவ விடக்கூடாது.

தொழில் கொள்கை என்றதும் பெரிய கார் கம்பெனி, முதலீட்டாளர் மாநாடு என்று மட்டும் பேசுவது இன்னொன்று. நம் கடைத்தெருவைத் தொடுகிற சட்டங்கள் சத்தமில்லாமல் வருகின்றன. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்ற திருத்தம் 2021இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதுதான். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவையில் இருந்தவர் இப்போது மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தால், அன்று என்ன பேசினார் என்று கேளுங்கள். துண்டறிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன் என்பவரிடம் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது பகைத்துக்கொள்வதாகாது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, வாக்குறுதிக்கான நிதி எப்படி வரும் என்று தேர்தல் அறிக்கையில் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையமே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

கடைசியாக, பலரும் தொடாத ஒரு தாள். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். சொத்து எத்தனை கோடி என்ற பக்கத்தோடு டீக்கடையில் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் பாக்கிப் பகுதிக்குப் போவேன். வருமான வரி பாக்கி, ஜி.எஸ்.டி. பாக்கி, சொத்து வரி பாக்கி என்று தனித்தனி இடங்கள் அதில் உண்டு. கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும் இருக்கும். வியாபாரியின் கஷ்டம் தெரிந்தவன் நான் என்று மேடையில் சொல்பவர் என்ன தொழில் செய்கிறார், அவருக்கும் மனைவிக்கும் வருமானம் எதிலிருந்து வருகிறது என்பதும் அதே தாளில் எழுதியிருக்கும்.